வட இத்தாலியில் ரயிலில் ஒரு வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலி போகிறோம் என்று சொல்லும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தொகுத்தேன். மிலானில் இறங்கி, வடக்கே மட்டும் ஏழெட்டு நாள் ரயிலில் சுற்றுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஏழு நாள் இருக்கு. மிலான், கோமோ, வெரோனா, வெனிஸ், ஃப்ளோரன்ஸ், பீசா, ரோம் எல்லாம் கவர் பண்ணிடலாமா?

ரயில் வேகத்தை மட்டும் பார்த்தால் முடியும் போலத்தான் தோன்றும். ஆனால் தங்கும் ஊரை மாற்றும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். காலையில் பெட்டி கட்டி அறையைக் காலி செய்து, நிலையத்துக்குப் போய், ரயிலேறி இறங்கி, புது ஊரில் மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள் என்பதால் பெட்டியை எங்கே வைப்பது என்று அலைந்து, எல்லாம் முடிந்து நிமிரும்போது சாயங்காலம். ஏழு நாளில் ஐந்து முறை இப்படி மாறினால் நீங்கள் பார்த்தது இத்தாலி இல்லை, ஹோட்டல் வரவேற்பறைகள்.

ரோமையும் பீசாவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். வடக்கில் இருப்பதையே ஒரு வாரத்தில் பார்த்து முடிக்க முடியாது. மூன்று ஊரில் தங்குங்கள், மற்றதெல்லாம் அங்கிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்பி வருகிற மாதிரி. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் முக்கியமான விஷயம் இதுதான், கீழே உள்ள பதில்கள் பலவும் இதை நம்பித்தான் நிற்கின்றன.

சரி, அந்த மூணு ஊர் எது?

என் தேர்வு: மிலானில் 2 இரவு, பதுவாவில் 3 இரவு, பொலோன்யாவில் 2 இரவு. கடைசியில் பொலோன்யாவிலிருந்து மிலானுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், முக்கோணம் முடிந்துவிடும்.

மிலானிலிருந்து கோமோ ஏரி பக்கம். கோமோ சான் ஜொவான்னி நிலையத்துக்கு 40 நிமிடம்தான், ஆனால் எனக்குப் பிடித்தது வரென்னா. மிலானோ சென்ட்ராலேயிலிருந்து திரானோ போகும் ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் வரென்னா எசினோ நிலையத்தில் இறங்கி, படகில் பெல்லாஜோ போய் வரலாம். போகும்போது இடது பக்கம் உட்காருங்கள், ஏரி அந்தப் பக்கம்தான் வரும்.

பதுவா பலருடைய பட்டியலில் இருக்காது. வெனிஸுக்கு அரை மணி, விச்சென்சாவுக்கு அதைவிடக் குறைவு, வெரோனாவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்று எல்லாம் ஒரே தண்டவாளத்தில் இருக்கிறது. அறை வாடகையும் பொதுவாக வெனிஸைவிடக் குறைவு. வெனிஸில் ஒரு இரவாவது தங்க ஆசை என்றால் தங்குங்கள், பகல் கூட்டம் கிளம்பிப் போன பிறகு அந்த ஊர் வேறு ஊர். ஆனால் குழந்தைகளும் பெரிய பெட்டிகளும் இருந்தால் படிக்கட்டுப் பாலங்களில் ஏறி இறங்குவது சிரமம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பொலோன்யாவிலிருந்து ஃபெர்ராரா, மோதெனா, பார்மா, ரவென்னா எல்லாம் சாதாரண ரயிலிலேயே போகலாம். ஒரே ஒரு இடம்தான் நேரம் இருக்கிறது என்றால் ரவென்னா போங்கள். பொலோன்யாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். சான் விதாலே கோயிலின் மொசைக் ஓவியங்களில் ஜஸ்டினியன் பேரரசரும் தியோடோரா அரசியும் நிற்கிறார்கள், 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட கோயில், பதினைந்து நூற்றாண்டு ஆகப்போகிறது, அந்தப் பச்சையும் தங்கமும் நேற்று பதித்த மாதிரி இருக்கிறது. ஃப்ளோரன்ஸை விட மனசில்லாதவர்களுக்கும் பொலோன்யா வசதி, அதிவேக ரயிலில் 40 நிமிடத்துக்குள்தான்.

டிக்கெட் எல்லாம் இப்பவே எடுக்கணுமா? கடைசி நேரத்துல வெயிட்டிங் லிஸ்ட் வந்துடாதா?

நம் ஊர் பழக்கத்தில் வரும் பயம். அங்கே வெயிட்டிங் லிஸ்டும் கிடையாது, ஆர்.ஏ.சி-யும் கிடையாது. இரண்டு வகை ரயில் இருக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்று அதிவேக ரயில்: ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ போன்றவை. இருக்கை எண்ணோடுதான் டிக்கெட். விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். முன்கூட்டி எடுத்தால் நல்ல சேமிப்பு, ஆனால் மலிவான சூப்பர் எகானமி டிக்கெட்டை மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ முடியாது. இரண்டாவது ரெஜியோனாலே, ரெஜியோனாலே வெலோச்சே என்கிற வட்டார ரயில்கள். இருக்கை எண் கிடையாது, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காரலாம். தூரத்துக்கு ஏற்ற கட்டணம், அது இரண்டு மாதம் முன்னால் எடுத்தாலும் ரயில் வர ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தாலும் ஒன்றுதான், தீர்ந்தும் போகாது.

ஆகவே மேலே சொன்ன திட்டத்துக்கு, மிலான் முதல் பதுவா வரை, பொலோன்யா முதல் மிலான் வரை, ஃப்ளோரன்ஸ் போவதானால் அது, இவற்றை மட்டும் முன்பே எடுத்து வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் அன்றன்று எடுங்கள். மழை பெய்தால் கோமோவை நாளைக்குத் தள்ளலாம், குழந்தை தூங்கினால் அடுத்த ரயிலில் போகலாம். இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் குறைந்த ஊர்களில் தங்கச் சொல்கிறேன்.

ட்ரெனிடாலியா, இத்தாலோ, ட்ரெனோர்ட்னு மூணு பேர் சொல்றாங்க. எதுல போறது?

ட்ரெனிடாலியா அரசுக்குச் சொந்தமான நிறுவனம், எல்லா வகை ரயிலும் ஓட்டுகிறது. இத்தாலோ 2012-இல் ரயில் ஓட்டத் தொடங்கிய தனியார் நிறுவனம், அதிவேக ரயில் மட்டும். இரண்டின் தரமும் ஏறக்குறைய ஒன்றுதான், எது மலிவோ நேரம் பொருந்துகிறதோ அதில் போகலாம். ட்ரெனோர்ட் மிலானைச் சுற்றியுள்ள லொம்பார்தியா மாநில வட்டார ரயில்கள், கோமோ, வரென்னா பக்கம் போகும்போது அதுதான் வரும். ஒரு நிறுவனத்தின் டிக்கெட் இன்னொன்றின் அதிவேக ரயிலில் செல்லாது.

ஆப்ல வெனிஸ்னு அடிச்சா ரெண்டு மூணு ஸ்டேஷன் காட்டுது, எதை எடுக்க?

வெனிசியா சாந்தா லூச்சியா. தீவுக்குள் இருக்கும் நிலையம் அதுதான், வெளியே வந்தவுடன் படிக்கட்டுக்குக் கீழே பெரிய கால்வாய். வெனிசியா மெஸ்த்ரே என்பது கடலுக்கு இந்தப் பக்கம், தரையில் இருக்கும் ஊர். தவறி அங்கே இறங்கினாலும் பயம் வேண்டாம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவுக்குப் போகும் ரயில்கள் அடிக்கடி உண்டு. பெயர்களை இத்தாலிய மொழியில் தேடினால் குழப்பம் குறையும்: மிலானோ சென்ட்ராலே, வெரோனா போர்த்தா நூவா, பொலோன்யா சென்ட்ராலே, ஃபிரென்சே சாந்தா மரியா நோவெல்லா. மிலானில் போர்த்தா கரிபால்டி, கதோர்னா, லம்பராத்தே என்று பல நிலையங்கள் இருப்பதால் டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

டிக்கெட் கையில இருந்தும் ஃபைன் போட்டாங்கன்னு என் ஃப்ரெண்ட் சொன்னானே, அது எப்படி?

வட்டார ரயிலாக இருந்திருக்கும். மேலே சொன்ன மாதிரி அந்த டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கானது இல்லை என்பதால், இன்று இப்போது பயன்படுத்துகிறேன் என்று நாம்தான் பதிவு செய்ய வேண்டும். காகித டிக்கெட் என்றால் நடைமேடையிலும் அதற்குப் போகும் வழியிலும் சுவரில் சிறிய இயந்திரம் இருக்கும், அதில் செருகி நேரம் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். அச்சானதிலிருந்து 4 மணி நேரம் செல்லும். போனில் வாங்கிய வட்டார டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் ஆப்பிலேயே செக்-இன் செய்ய வேண்டும், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அதிவேக ரயிலுக்கு இதெல்லாம் தேவையில்லை, அந்த டிக்கெட்டில் ரயிலும் நேரமும் இருக்கையும் ஏற்கெனவே இருக்கிறது. இயந்திரம் வேலை செய்யவில்லை என்றால் ஏறியவுடனே நீங்களே டிக்கெட் பரிசோதகரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள், அவர் உங்களிடம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

போர்டுல என் ஊர் பேரே இல்ல, எந்த ட்ரெயின்னு எப்படிக் கண்டுபிடிக்க?

பலகையில் கடைசி நிலையம்தான் பெரிதாக இருக்கும். மிலானிலிருந்து பதுவா போகிற ரயில் வெனிசியா என்று காட்டும், வரென்னா போகிற ரயில் திரானோ என்று காட்டும். ஊர் பெயரை விட்டுவிட்டு டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணையும் நேரத்தையும் பலகையில் தேடுங்கள். புறப்பாட்டுப் பலகையின் தலைப்பு பார்த்தென்ஸே, நடைமேடை பினாரியோ, தாமதம் ரிதார்தோ. இந்த மூன்றும் போதும். பெரிய நிலையங்களில் நடைமேடை எண் கடைசிப் பத்திருபது நிமிடத்தில்தான் வரும், அதுவரை பலகைக்குக் கீழே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தபடி நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

பொலோன்யாவில் மட்டும் கூடுதல் கவனம். அதிவேக ரயில்கள் தரைக்குக் கீழே ஆழத்தில் 16 முதல் 19 வரையிலான நடைமேடைகளில் வரும், கீழே போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். அதோடு, சில எண்களுக்குப் பக்கத்தில் ஓவெஸ்த் அல்லது எஸ்த் என்று இருக்கும், அதாவது மேற்கு, கிழக்கு. 3 வேறு, 3 ஓவெஸ்த் வேறு, இரண்டுக்கும் நடுவே நல்ல நடை இருக்கிறது. அங்கே இருபது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். மிலானோ சென்ட்ராலேயிலும் நடைமேடைக்குள் நுழையும் இடத்தில் டிக்கெட் பார்த்துத்தான் விடுவார்கள்.

பெரிய பெட்டி ரெண்டு இருக்கு, எங்க வைக்கறது?

விமானம் மாதிரி எடை போடுவதில்லை. ஒவ்வொரு ரயில்பெட்டியின் முனையிலும் சாமான் வைக்க ஒரு அலமாரியும் தலைக்கு மேல் தட்டும் இருக்கும். ஆனால் தூக்கி வைக்க யாரும் வரமாட்டார்கள், போர்ட்டர் கிடையாது, பழைய வட்டார ரயில்களில் இரண்டு மூன்று படி ஏற வேண்டும். நீங்களே ஒரு கையால் தூக்க முடிகிற அளவு பெட்டி என்பதுதான் சரியான கணக்கு. பெரிய நிலையங்களில் காசு கொடுத்துப் பெட்டி வைக்கும் இடம் உண்டு.

மிலானோ சென்ட்ராலேயிலும் வெனிஸிலும் டிக்கெட் இயந்திரத்தில் உதவுகிறேன், பெட்டியைத் தூக்கித் தருகிறேன் என்று சீருடை இல்லாமல் வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகருங்கள். கைப்பை முன்பக்கம் இருக்கட்டும்.

போற வழியில வெரோனால இறங்கி ரெண்டு மணி நேரம் பார்த்துட்டு அப்புறம் போகலாமா?

அதிவேக டிக்கெட்டில் முடியாது, அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். வெரோனாவைப் போகிற வழியிலேயே பார்க்க வேண்டும் என்றால் மிலான் முதல் வெரோனா வரை ஒரு டிக்கெட், வெரோனா முதல் பதுவா வரை வட்டார டிக்கெட் என்று இரண்டாக எடுங்கள். பெட்டியை போர்த்தா நூவா நிலையத்தில் வைத்துவிட்டு நடந்தால் கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகும், பியாத்சா பிராவும் ரோமானியர் காலத்து அரங்கமும் வந்துவிடும். 1913 முதல் கோடைகாலத்தில் ஓபரா நடக்கும் இடம் அது. இரண்டு மணி நேரம் போதாது, நாலு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சைவம்தான் சாப்பிடுவோம். பாஸ்தா, பீட்சா இருக்கே, பிரச்சினை இருக்காதே?

பட்டினி இருக்க மாட்டீர்கள், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். மிலானின் புகழ்பெற்ற மஞ்சள் ரிசோத்தோ பார்க்கக் காய்கறிச் சாதம் போல இருக்கும், மரபுப்படி மாட்டிறைச்சிச் சாற்றிலும் எலும்பு மஜ்ஜையிலும் செய்வது. பொலோன்யா பக்கத்து பியாதினா, கிரெஷெந்தினா ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். பார்மா பாலாடைக்கட்டியில் பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள், முட்டைகூட இல்லாத கண்டிப்பான சைவம் என்றால் இது முக்கியம். பொலோன்யாவின் புது பாஸ்தாவில் முட்டை நிச்சயம் உண்டு.

தைரியமாகச் சாப்பிடக்கூடியது பீட்சா மரினாரா, தக்காளியும் பூண்டும்தான், பாலாடைக்கட்டி கிடையாது. ஃபெர்ராராவில் பூசணி அடைத்த பாஸ்தா அருமை, முட்டையும் பாலாடைக்கட்டியும் ஒத்துக்கொண்டால். இன்னொன்று, மதியம் இரண்டரைக்கு மேல் பல உணவகங்கள் அடுப்பை அணைத்துவிடும், மறுபடி இரவு ஏழு ஏழரைக்குத்தான். இடையில் பசிக்கும் குழந்தைக்கு நிலையத்துக்கு எதிரே இருக்கும் சூப்பர் மார்க்கெட்தான் துணை. பில்லில் கொபெர்த்தோ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் அது உட்கார்ந்து சாப்பிடுவதற்கான வழக்கமான கட்டணம், ஏமாற்று இல்லை.

முன்னாடியே புக் பண்ணலைன்னா பார்க்கவே முடியாதது எது?

மிலானில் லியொனார்தோவின் கடைசி இராவுணவு ஓவியம், ஒரு குழுவுக்கு 15 நிமிடம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும், திங்கட்கிழமை விடுமுறை. பதுவாவில் ஸ்க்ரோவென்யி சிற்றாலயம், ஓவியர் ஜோத்தோ 1305 வாக்கில் முடித்த சுவர் ஓவியங்கள். அங்கேயும் நேரம் குறித்த டிக்கெட்தான், காற்றின் ஈரத்தைச் சீராக்கும் அறையில் சிறிது நேரம் உட்கார வைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அந்த ஓவியங்களின் நீலத்தைப் பார்ப்பதற்காகவே பதுவாவில் தங்கலாம். ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் இந்த இரண்டையும் எடுங்கள், அந்த நேரத்தைச் சுற்றி ரயிலை அமையுங்கள்.

வெனிஸுக்குப் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் வசந்த, கோடைக்காலத்தின் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். பதுவாவில் தங்கிப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். போகும் நாள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நகராட்சித் தளத்தில் பாருங்கள்.

அந்தோனியார் கோயில் பதுவாவுலதானே இருக்கு? வீரமாமுனிவர் ஊரும் அந்தப் பக்கமாமே?

இரண்டுமே ஆம். நம் ஊரில் பதுவை அந்தோனியார் என்று சொல்கிறோமே, அந்தப் பதுவை இதுதான். அவர் பிறந்தது லிஸ்பனில், 1231-இல் இறந்தது பதுவாவுக்கு அருகில், கல்லறை பேராலயத்துக்குள்ளேயே இருக்கிறது. நிலையத்திலிருந்து டிராம் போகிறது. தோள் மூட வேண்டும், அரைக்கால் சட்டை வேண்டாம்.

வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த ஊர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே, மாந்துவா மாவட்டம், கார்தா ஏரிக்குத் தெற்கே. அங்கே ரயில் நிலையம் இல்லை. மிலான் வெரோனா பாதையில் தெசென்ஸானோவில் இறங்கி, அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் பேருந்திலோ டாக்சியிலோ போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பிப் போகாதீர்கள். 1859 சோல்ஃபெரினோ போரில் காயம்பட்டவர்களை ஊர்ப் பெண்கள் கவனித்ததும், அதைப் பார்த்த ஆன்ரி துனான் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமானதும் இதே ஊரில்தான், அதற்கு ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. தமிழ் படித்தவர்கள் அரை நாள் ஒதுக்கினால் வீண் போகாது.

ஸ்ட்ரைக்னு வந்துட்டா என்ன பண்றது?

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், ஆனால் சட்டப்படி குறைந்தது 10 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். ஷோப்பெரோ என்ற சொல்லோடு தேதியைத் தேடிப் பாருங்கள், கிளம்புவதற்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை. வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். தொலைதூர ரயில்களில் உறுதியாக ஓடுபவற்றின் பட்டியலும் வெளியிடுவார்கள். அன்று ஊர் மாறாமல், தங்கிய ஊரையே நடந்து பார்ப்பது நல்லது. பொலோன்யாவில் சான் லூக்கா குன்றுக்கு ஏறும் 666 வளைவு கொண்ட தூண் நடைபாதை இருக்கிறது, நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதற்கு எந்த ரயிலும் வேண்டாம்.

ரெண்டு ட்ரெயின் மாறணும், நடுவுல 8 நிமிஷம்தான் இருக்கு. ஓகேவா?

ஒரே டிக்கெட்டாக ட்ரெனிடாலியாவே விற்றது என்றால், முதல் ரயில் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்ததில் அனுப்பி வைப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால், அதுவும் ஒன்று இத்தாலோ ஒன்று ட்ரெனிடாலியா என்றால், நஷ்டம் உங்களுடையது. தனி டிக்கெட் என்றால் குறைந்தது 40 நிமிடம் விடுங்கள். இரண்டாவது ரயில் வட்டார ரயில் என்றால் கவலையே இல்லை, டிக்கெட்டை இறங்கிய பிறகு எடுத்தால் போதும். ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம், டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

மிலான்லேர்ந்து சுவிஸ் சிவப்பு ட்ரெயின் போகலாமாமே, இத்தாலி விசால விடுவாங்களா?

விடுவார்கள். சுவிட்சர்லாந்தும் ஒரே விசா செல்லுபடியாகும் ஷெங்கன் பகுதிதான், சிங்கிள் என்ட்ரி விசாவிலும் போய் வரலாம், பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும். விசாவை அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும், இந்தத் திட்டத்தில் அது இத்தாலிதான்.

மேலே வரென்னாவுக்குச் சொன்ன அதே ரயில்தான் கடைசியில் திரானோ போய்ச் சேரும், மிலானிலிருந்து இரண்டரை மணி நேரம். அங்கே பெர்னினா பாதையின் சிவப்பு ரயிலில் மாறி 2,253 மீட்டர் உயரம் வரை ஏறி சென் மோரிட்ஸ். ஒரு பக்கமே மொத்தம் ஐந்து மணி நேரம் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்புவது பத்து மணி நேர ரயில். அதற்குப் பதில் நடுவில் ஆல்ப் க்ரூம் வரை போய்ப் பனிமலையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், அதே ரயில்கள் அங்கேயும் நிற்கும், சென் மோரிட்ஸ் ஊரே இல்லாமலும் பயணம் நிறைவாக இருக்கும். ஜன்னல் பெரிதாக உள்ள பனோரமா பெட்டிகளுக்குத் தனி முன்பதிவு வேண்டும், சாதாரண சிவப்பு ரயிலில் ஜன்னலைத் திறக்க முடிகிற பெட்டிகள் இருக்கும், படம் எடுக்க அதுவே மேல்.

யூரெயில் பாஸ் வாங்கிடவா?

யூரெயில் என்பது பல ஐரோப்பிய நாட்டு ரயில்களில் செல்லும் பாஸ், இந்த அளவு பயணத்துக்கு வேண்டாம். அதிவேக ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம், வட்டார ரயில்களின் கட்டணமோ பாஸின் ஒரு நாள் மதிப்பைவிடக் குறைவு.

திரும்பி வர ஃப்ளைட் மால்பென்சாவுல காலைல இருக்கு. அன்னிக்கே பொலோன்யாலேர்ந்து கிளம்பினா போதுமா?

காலை விமானம் என்றால் வேண்டாம். கடைசி இரவை பொலோன்யாவிலிருந்து எடுத்து மிலானுக்கு மாற்றிவிடுங்கள், சென்ட்ராலே அல்லது கதோர்னா நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை பாருங்கள். மால்பென்சா எக்ஸ்பிரஸ் ரயில் இரண்டு இடத்திலிருந்தும் போகும், கதோர்னாவிலிருந்து சற்று வேகம். மதியத்துக்கு மேல் விமானம் என்றால் காலையில் பொலோன்யாவிலிருந்து வரலாம், மிலானில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிற மாதிரி ரயிலை எடுங்கள். அன்று வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள், இருந்தால் சென்ட்ராலே நிலையத்தின் பக்கவாட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்துகள் கிளம்புகின்றன.